கடல் இருந்த தெருவில் கடைசி நாள்

சிங்கப்பூர் பார்க்க வரும் சொந்தபந்தங்களின் கடைசி நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. காலை 11 அல்லது 12 மணிக்குள் ஹோட்டல் அறையைக் காலி செய்ய வேண்டும். சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் இரவில். இடையில் கிடக்கிற எட்டு மணி நேரத்தை முஸ்தஃபா கடையில் தைலப் புட்டிகளுக்கும் சாக்லேட் பொட்டலங்களுக்கும் நடுவே கழிப்பார்கள். இல்லையென்றால் பெட்டி படுக்கையோடு சாங்கி விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த எட்டு மணி நேரத்தில் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. பழைய கடற்கரையைக் கண்டுபிடித்து அதன் ஓரமாகவே நடப்பது. கண்டுபிடித்து என்று சொல்லக் காரணம், இந்த ஊரில் கடல் பழைய இடத்தில் இல்லை. மண் கொட்டிக் கொட்டித் தள்ளிவிட்டார்கள். பீச் ரோட்டில் பீச் கிடையாது. ‘தெலுக் ஆயர்’ என்றால் மலாயில் நீர் விரிகுடா. அந்தத் தெருவில் இன்று நின்றால் சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள்தான். ஆனால் பழைய கரையை ஒட்டிக் கட்டிய கோயில்களும் பள்ளிவாசல்களும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் பாதி நம்மவர்கள் கட்டியவை. கப்பலில் வந்து இறங்கிய தமிழர்கள் முதலில் கால் வைத்த பகுதியை, விமானம் ஏறப் போகிற நாளில் நடந்து பார்ப்பது பொருத்தமாகவும் இருக்கும்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் இரவு 10 மணிக்கு என்றால் 7 மணிக்கு சாங்கியில் இருக்க வேண்டும். லிட்டில் இந்தியா ஹோட்டலிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்: டவுன்டவுன் பாதையில் பூகிஸ் இரண்டாவது நிறுத்தம், அங்கே கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறி தானா மேரா, மறுபடி மாறி சாங்கி. பெட்டிகளோடு மின்தூக்கி தேடுகிற நேரமும் இதில் அடக்கம். ஹோட்டலில் பெட்டியைத் திரும்ப வாங்கி, முகம் கழுவி, சட்டை மாற்ற அரை மணி. ஆக, ஹோட்டலுக்குத் திரும்புகிற நேரத்தையும் சேர்த்தால், நடை 5 மணிக்குள் முடிய வேண்டும். விமானம் நள்ளிரவுக்குப் பிறகு என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். அதைச் செலவழிக்க நல்ல இடம் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டி கட்டும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கடையில் 100 வெள்ளிக்கோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ வாங்கியிருந்தால், சுற்றுப்பயணிகள் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். கையாளும் கட்டணம் போக மீதி கைக்கு வரும். ஆனால் அந்தப் பொருள் பெரிய பெட்டிக்குள் போகப் போகிறதென்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே விமான நிலையக் கருவியில் விண்ணப்பிக்க வேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். அடியில் திணித்துவிட்டு அங்கே தரையில் பெட்டியைப் பிரித்துக் கொட்டுபவர்களைத் தினமும் பார்க்கலாம். வாங்கியதை மேலாக வையுங்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயா ஜாம் பிசுபிசுப்பாக இருந்தாலும் திரவக் கணக்குதான். 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில் மட்டுமே போகலாம்.

காலில் பழகிய செருப்பு அல்லது ஷூ. புதிதாக வாங்கியதைக் கடைசி நாளில் போட்டுப் பார்க்காதீர்கள். கொப்புளத்தோடு நான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார்வது கொடுமை. தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரையே தயங்காமல் பிடித்துக் குடிக்கலாம். நடுத்தர அளவுக் குடை ஒன்று வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதித்து மாலை 7 மணியை ஒட்டியே மறையும். வெயிலைவிட ஈரக்காற்றுதான் ஆளைச் சோர வைக்கும். வியர்வை உலராது, உடம்பு குளிராது. ஊரில் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடப்பவர் இங்கே மூன்றுக்கு மேல் திட்டமிட வேண்டாம். இந்த நடை பேஃபிரண்ட் ரயில் நிலையம் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர். நின்று பார்ப்பதையும் சாப்பிடுவதையும் சேர்த்தால் ஆறேழு மணி நேரம்.

பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு, காலை 9 மணிக்கு லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். உள்ளே போகும்போது அட்டை, வெளியே வரும்போது கைப்பேசி என்று மாற்றித் தட்டாதீர்கள். இரண்டும் ஒரே கணக்குதானே என்று தோன்றும். இயந்திரத்துக்கு அவை இரண்டு முடியாத பயணங்கள், இரண்டுக்கும் காசு போகும்.

‘ஏ’ வாசல் பகோடா தெருவில் கொண்டுவந்து விடும். தெருக்கோடியில் தெரிகிற கோபுரம் ஸ்ரீ மாரியம்மன் கோயிலுடையது. 1819 மே மாதம், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுப்பிய கோயில். அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சில அடி தள்ளி, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல். பெரிய பள்ளி என்பது நம்மவர் வைத்த பெயர். சுற்றுலாக்காரர்கள் சைனாடவுன் என்று படம் எடுத்துக்கொண்டு போகிற இடத்தில் மூன்று தெருப் பெயர்களைப் பாருங்கள்: பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு. முதல் இரண்டும் மாரியம்மன் கோயிலால் வந்தவை, மூன்றாவது ஜாமியாவால். சீனர் பேட்டையின் நடுவே மூன்று தெருக்கள் தமிழர் வழிபாட்டு இடங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கோயிலை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அதோடு வெறுங்காலோடு நடக்க வேண்டிய பிராகாரத் தரை 11 மணிக்கு மேல் காய ஆரம்பித்துவிடும். செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை வைத்திருந்தால் கூட்டத்தில் தேட வேண்டியதில்லை. பள்ளிவாசலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இல்லாதவர்களுக்கு வாசலில் அங்கி இருக்கும்.

அங்கிருந்து அன் சியாங் மேட்டில் ஏறி மறுபக்கம் படிகளில் இறங்குங்கள். இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்கக் குறுக்கு வழி உண்டு, ஆனால் வேண்டாம். இதுதான் பழைய கரைக்குப் பின்னால் இருந்த குன்று. படியிறங்கும்போது நிலம் சரிவதைக் கால் உணரும். அமோய் தெரு, அடுத்து தெலுக் ஆயர் தெரு. அதோடு சரிவு நின்றுவிடும். அதற்கு அப்பால் எல்லாம் சமதளம், ஏனென்றால் அப்பால் இருந்தது கடல். 1879இல் தொடங்கிய வேலையில் வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே இங்கே கடலைத் தூர்த்தார்கள். ராபின்சன் ரோடு, ஷென்டன் வே எல்லாம் பிறகு பிறந்தவை.

மதியம் நெருங்குகிறதென்றால் அமோய் தெரு உணவங்காடி நிலையத்தில் 11.30க்கே சாப்பிட்டுவிடுங்கள். 12 மணி அடித்தால் சுற்றியுள்ள அலுவலகங்கள் மொத்தமும் அங்கே இறங்கும். காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். எடுத்துத் தள்ளிவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்டு முடித்த தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்பது இங்கே சட்டம். வார இறுதியில் பல கடைகள் மூடியிருக்கும்.

இனி தெலுக் ஆயர் தெரு. இந்த நடையில் எதற்கு நேரம் குறைந்தாலும் இதற்குக் குறையக் கூடாது. முந்நூறு மீட்டருக்குள் நான்கு கட்டடங்கள், நான்கும் கடலைப் பார்த்தபடி கரையில் நின்றவை. வடக்கு முனையில் 1824இல் தொடங்கிய ஃபுக் தக் சி, முன்னாள் சீனக் கோயில், இப்போது சிறு அரும்பொருளகம். தெற்கு முனையில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் இது ஒரு குடிசை. அதனால் குச்சுப் பள்ளி என்றே பெயர். பெரிய பள்ளியும் குச்சுப் பள்ளியும் பத்து நிமிட நடைத் தூரத்தில். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று கேட்பது போல இருக்கும்.

நடுவில் நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பியது. இங்கே அடக்கத்தலம் கிடையாது. எதிர்ச் சாரியில் நின்று முகப்பைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்களும் வளைவு வாசல்களும். மேலே கைப்பிடிச் சுவரில் துளைத் துளையாகச் சல்லடை போட்ட கட்டு வேலை, அதில் ஒரு குட்டி மாளிகையின் முகப்பு. இரு மூலைகளிலும் பதினான்கு அடுக்காக ஏறும் மனோராக்கள், அடுக்குக்கு அடுக்கு சிறு மாடங்கள். ஊரில் நாகூர் மனோராக்களைப் பார்த்தவருக்கு அந்த அடுக்குகள் உடனே பிடிபடும். படகில் ஏறி வந்தவர்கள் மனத்தில் சுமந்து வந்த வடிவத்தை இங்கே கிடைத்த கொத்தனாரிடம் சொல்லிக் கட்டியது போலிருக்கும். உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரம் குறைவு, முதல் நாளே பார்த்து வையுங்கள்.

பக்கத்திலேயே தியான் ஹோக் கெங், 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் கட்டிய கோயில். கடல் கடந்து உயிரோடு சேர்ந்ததற்குக் கடல் தெய்வமான மாட்சுவுக்கு நன்றி சொல்லும் இடம். சாகுல் ஹமீது ஆண்டகையும் மாலுமிகள் கூப்பிடும் பெயர்தான். அரை நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு இனத்தாரும் ஒரே பயத்துக்கு ஒரே நன்றியைச் சொல்லியிருக்கிறார்கள். கோயிலின் உயர்ந்த வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும்.

கடைவீடுகளுக்கு முன்னால் தொடர்ச்சியாக ஓடும் கூரைபோட்ட நடைபாதையை இங்கே அஞ்சடி என்போம். 1822இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு கடைவீட்டுக்கும் முன்னால் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்று இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் இதைப் போன்ற பாதுகாப்பு இல்லை. ஆனால் தரையைப் பார்த்து நடங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் உயரத்தில் தளம் போட்டிருப்பதால் வீட்டுக்கு வீடு ஒரு படி ஏறும், அரைப்படி இறங்கும். பழைய பூ ஓடுகள் பதித்த இடத்தில் மழைச்சாரல் பட்டால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். தலையை உயர்த்தி ஜன்னல் வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள்.

வழியில் குறுக்கிடும் கிராஸ் தெருவைப் பழைய தமிழர் ‘பால்கடைச் சடக்கு’ என்றார்கள், பால்காரர்கள் கூடிய இடம். சடக்கு என்றால் தெரு. அதைத் தாண்டி மார்க்கெட் தெரு. நகரத்தார் கிட்டங்கிகள் இங்கேதான் இருந்தன. நீளமான கூடம், அதில் ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்கு முன்னால் சம்மணமிட்டு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. ஒரே கூரையின் கீழ் பல வட்டிக்கடைகள். இரவில் அதே கூடத்தில்தான் படுக்கை. எல்லாம் இடிந்து போய்விட்டது. இப்போது மார்க்கெட் தெருவில் 280 மீட்டர் உயரத்துக்கு கேபிடாஸ்பிரிங் கட்டடம் நிற்கிறது. அதன் 51ஆம் மாடித் தோட்டத்துக்கு வார நாள்களில் குறிப்பிட்ட நேரங்களில் இலவசமாக ஏறலாம். மேலிருந்து பார்த்தால் தெலுக் ஆயரின் சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஒரு வளைவாகப் போவது தெரியும். அந்த வளைவுதான் பழைய கரை. காசு கொடுத்து ஏறும் உச்சிகளில் கிடைக்காத காட்சி இது.

நண்பகல் 1 முதல் 3 வரை வெட்டவெளியில் நடப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பிற்பகல் இடிமழை வந்தாலும் இந்த நேரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். இடி கேட்டால் பாலத்திலோ திடலிலோ நிற்காதீர்கள், குடை காப்பாற்றாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ராஃபிள்ஸ் பிளேஸைக் கடந்து ஆற்றங்கரைக்கு வந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெலிதுங் தீவருகே மூழ்கிய கப்பலின் சீனப் பாத்திரங்களைக் குளிர்ந்த அறையில் பார்த்துக்கொண்டே அந்த இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடலாம்.

அரும்பொருளகத்துக்குப் போக கெவனா பாலத்தைத் தாண்ட வேண்டும். 1869இல் முடிந்தது, இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது, பூட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். பாலத்தின் முனையில் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது: 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடு குதிரைகளுக்கும் அனுமதி இல்லை. இன்றைய கணக்கில் சுமார் 152 கிலோ. கட்டியவர்கள் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். கடல் ஏறும்போது பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி போதாமல் தொங்கான்கள் என்ற சரக்குப் படகுகள் சிக்கிக்கொள்ளும். நீர் வற்றும் வரை காத்துக் கிடக்க வேண்டும். பாலத்தின் நடுவில் நின்று குனிந்து பார்த்தால் எவ்வளவு தாழ்வு என்று தெரியும். வண்டிப் போக்குவரத்துக்கு 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் கட்டினார்கள். தொங்கான்கள் 1983 வரை ஆற்றில் இருந்தன.

அரும்பொருளகத்துக்கு வெளியே ஆற்றோரத்தில் செட்டியாரை வைத்து ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதி இருக்கிறது. மார்க்கெட் தெருவில் காணாமல் போனவரை இங்கே பார்க்கலாம். அதற்குச் சற்றுத் தள்ளி டல்ஹௌசி நினைவுத் தூண். 1850இல் இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி வந்து போனதற்காக எழுப்பியது; ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), தமிழ் என்று நான்கு மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தைத் தேடிச் சுற்றி வந்து படியுங்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழி ஆவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பே கல்லில் ஏறிவிட்டது.

அந்தத் தூணிலிருந்து எஸ்பிளனேட் பூங்கா வழியாகப் போனால் தமிழ் எழுத்து விடாமல் கூட வரும். ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய லிம் போ செங்கின் நினைவிடத்தில் தமிழ். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடம் இருந்த இடத்தைக் குறிக்கும் கல்லில் தமிழ். அந்த நினைவிடத்துக்கு 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்தார்கள். இப்போதிருக்கும் குறிப்புக்கல் 1995இல் வைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் தெரியும் பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5 அன்று அணிவகுத்து நின்ற வீரர்களிடம் நேதாஜி ‘சலோ டில்லி’ என்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ் இளைஞர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் இருந்தார்கள், ஜான்சி ராணிப் படையில் பெண்களும். அவர்கள் வாரிசுகள் இன்று தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். இந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் வடக்கே, ஸ்டாம்ஃபோர்டு ரோட்டுக்கு அப்பால், போரில் மாண்ட பொதுமக்களுக்கு 1967இல் எழுப்பிய நான்கு தூண்கள். அங்கேயும் நான்கு மொழிகள்.

இதற்குப் பிறகு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையை எட்ட நின்று பார்த்தால் போதாதென்றால் ஜூபிலி பாலத்தில் போய்த் திரும்புங்கள். 1972இல் ஆற்று முகத்தில் நின்ற சிலையை, எஸ்பிளனேட் பாலம் மறைத்துவிட்டதால் 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். கடலைப் போலவே அதற்கும் இடமாற்றம். பிறகு விரிகுடா ஓரமாக ஹீலிக்ஸ் பாலம், பேஃபிரண்ட் நிலையம். 10 மணி விமானக்காரர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். டவுன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா நான்காவது நிறுத்தம்.

நேரம் உள்ளவர்கள் கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) நீரோரமாக இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடந்து மரினா அணைக்கட்டுக்குப் போங்கள். இவ்வளவு நேரம் பக்கத்தில் பார்த்து வந்த மரினா விரிகுடா கடல் அல்ல, நன்னீர் ஏரி. 2008இல் திறந்த இந்த அணை, 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயை அடைத்துக் கடலை வெளியே நிறுத்திவிட்டது. ஒன்பது இரும்புக் கதவுகள். பெருமழை பெய்து உள்ளே நீர் ஏறும்போது கடல் வற்றியிருந்தால் கதவுகளைத் தாழ்த்துவார்கள், தண்ணீர் தானாக வெளியேறும். கடல் ஏறியிருக்கும் நேரமென்றால் கதவைத் திறக்க முடியாது, கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு ராட்சத பம்புகள் நொடிக்கு 280 கன மீட்டர் வரை இறைத்து வெளியே தள்ளும். தாழ்வான சைனாடவுன் பகுதிகளில் முன்பெல்லாம் மழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால் வெள்ளம் புகுந்ததற்கு இதுதான் மருந்து.

அணைப் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் சமமாக இருப்பது அபூர்வம். ஒரு பக்கம் அலையில்லாத தண்ணீர், அதற்குப் பின்னால் காலையிலிருந்து நடந்த ஊர். மறுபக்கம் உப்புக்காற்று, நங்கூரமிட்ட கப்பல்கள். பிறகு கூரைப் புல்வெளிக்கு ஏறுங்கள், பட்டம் விடுகிற பிள்ளைகள் இருப்பார்கள். 7 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்ததும் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். 7.30க்கு இறங்கிவிடுங்கள். வாசலிலிருந்து 400ஆம் எண் பேருந்து மரினா பே நிலையத்துக்குப் போகும். அது வரத் தாமதமானால் டாக்சி பிடித்து நேரே ஹோட்டல் வாசலில் இறங்குவதே மேல்.